அடிபடும் பெண் என்ன செய்கிறாள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வன்முறை பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது "அவள் ஏன் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டாள்?" என்ற கேள்விதான். அடித்தவனைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரும், பல நேரம் வராமலே போகும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டை வைத்து எழுதப்பட்டவை. பக்கத்து மாநிலங்களின் அனுபவம் உதவும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

பெண்கள் வெளியே சொல்வதே இல்லை என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க இது 29 சதவீதம். உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டவர்கள், இந்திய அளவில், 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் மூச்சுவிடவும் இல்லை. கணக்கெடுக்க வந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்தான் அவர்கள் முதன்முதலாக வாய் திறந்திருக்கிறார்கள். உதவி கேட்டவர்களும் பெரும்பாலும் போனது பிறந்த வீட்டாரிடம். காவல் நிலையம் வரை போனவர்கள் மிகச் சிலர்.

அப்படியானால் மீதிப் பேர் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கிறார்களா?

இல்லை. புகார் கொடுக்காதவளை "எதுவும் செய்யாதவள்" என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அப்படி ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பைக் சத்தத்தை வைத்தே அவன் எந்த நிலையில் வருகிறான் என்று கணித்துவிடுவாள். பெரிய பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் படிக்க அனுப்பியிருப்பாள். சின்னதுக்கு முன்னாடியே சோறு ஊட்டித் தூங்க வைத்திருப்பாள். அரிவாள்மனையும் அம்மிக்குழவியும் கைக்கு எட்டாத மூலைக்குப் போயிருக்கும். குழம்பில் உப்பு குறைந்தால் இன்று என்ன ஆகும் என்று தெரியுமாதலால் இரண்டு முறை ருசி பார்த்திருப்பாள். ஆதார் அட்டையும் பாஸ்புக்கும் சுய உதவிக் குழுத் தலைவி வீட்டு பீரோவில் இருக்கும். சீட்டுப் பணம் கட்டுவது அவனுக்குத் தெரியாது. இத்தனையும் எதிர்வினைதான், தினமும் செய்தாக வேண்டிய வேலை.

சிலர் பேச்சை நிறுத்துகிறார்கள். சிலர் அடுப்பு மூட்டாமல் படுத்துவிடுகிறார்கள். தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றி ஊரைக் கூட்டுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்பவளை "வாய்க்காரி" என்று சொல்லி ஒதுக்குவார்கள், ஆனால் பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் அன்றைக்கு அடி நின்றிருக்கும். சில ஊர்களில் மருமகள் மேல் சாமி வந்து கணவனையும் மாமியாரையும் ஏசும். மற்ற நாளில் அவள் வாயில் வந்தால் பல்லை உடைத்திருப்பார்கள், சாமி சொன்னால் வீடே கைகட்டிக் கேட்கும். திருப்பி அடிப்பவர்களும் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதற்கான விலையும் அவர்களுக்கு அதிகம்.

"புருஷன் அடிச்சா என்ன தப்பு" என்று பெண்களே சொல்கிறார்களாமே?

சொல்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் ஏழு காரணங்களை வரிசையாகச் சொல்லி, இவற்றில் எதற்காவது கணவன் அடிப்பது சரியா என்று கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போவது, பிள்ளைகளைக் கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லாதது, உறவுக்கு மறுப்பது, நடத்தையில் சந்தேகம், மாமனார் மாமியாரை மதிக்காதது. இந்திய அளவில் 45 சதவீதப் பெண்கள் ஏதாவது ஒரு காரணத்துக்குச் சரி என்றார்கள். ஆண்களில் 44 சதவீதம். தமிழ்நாடு உட்படத் தென் மாநிலங்கள் பலவற்றில் பெண்களின் பதில் இந்தச் சராசரியைவிட மிக அதிகம். படித்த, முன்னேறிய மாநிலம் என்று மார்தட்டும் நமக்கு இது தலைகுனிவு.

ஆனால் இந்தப் பதிலை "பெண்கள் அடியை விரும்புகிறார்கள்" என்று படிக்கக் கூடாது. மகள் கண்ணீரோடு வந்து நிற்கும்போது "நீ என்னடி பண்ணின?" என்று தாயே முதலில் கேட்கும் ஊரில் வளர்ந்தவள், அடிக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்றுதான் கற்றிருப்பாள். காரணம் இருந்தால் அதைத் தவிர்த்து அடியையும் தவிர்க்கலாம் என்பது அவளுடைய நம்பிக்கை. காரணமே இல்லாமல் அடிப்பான் என்று ஒப்புக்கொண்டால், அந்த வீட்டில் ஒரு இரவுகூட நிம்மதியாகத் தூங்க முடியாது.

அடிக்கிறவனோடு ஏன் இருக்க வேண்டும்? பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமே?

எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். ஒரு பெண் எப்படி எதிர்வினை ஆற்றுகிறாள் என்பது அவளுடைய துணிச்சலைப் பொறுத்ததைவிட, போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

போகாமலும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு வந்து, பத்து நாள் கழித்துப் பெரியவர்கள் பேசித் திரும்ப அனுப்புவது ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் அறிந்த காட்சி. "இன்னும் தங்கச்சி கல்யாணம் ஆகல", "அப்பாவுக்கு இப்பதான் ஆபரேஷன் ஆச்சு", "ஒரு குழந்தை பொறந்தா சரியாப் போயிடும்", "வாழாவெட்டின்னு பேர் வாங்கப் போறியா?" இப்படி எதையாவது சொல்லி அனுப்புவார்கள். சொல்கிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கட்டிக்கொடுக்க வாங்கிய கடனே அடைந்திருக்காது. காதலித்துச் சாதி மாறி மணந்தவளுக்கு இந்தப் பத்து நாளும் கிடையாது. "நீயாத் தேடிக்கிட்டது" என்று கதவு முன்பே சாத்தப்பட்டிருக்கும். அது கணவனுக்கும் நன்றாகத் தெரியும். தைரியமாகக் கை நீட்டுகிறான்.

நல்லதங்காள் கதை தெரியாத தமிழர் குறைவு. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணி சோறு போடாமல் விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் குதிக்கிறாள். பிறந்த வீட்டுக் கதவு மூடினால் என்ன ஆகும் என்பதை நம் கிராமங்கள் கூத்தாகவும் ஒப்பாரியாகவும் காலங்காலமாகச் சொல்லிவந்திருக்கின்றன. 1989-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை அந்தப் பெயர் போனது. கணவனின் கொடுமை தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, குழந்தைகள் இறந்து தான் மட்டும் பிழைத்த ஒரு தாய் மீது கொலை வழக்கு. திடீர்த் தூண்டுதல் மட்டுமே சட்டத்தில் சலுகை பெறும் என்றிருந்த நிலையில், வருஷக் கணக்கில் தொடரும் தூண்டுதலையும் கணக்கில் எடுக்கலாம் என்று கருதிய நீதிமன்றம், அந்த மனநிலையை நல்லதங்காளின் பெயராலேயே குறிப்பிட்டது.

2021-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட இல்லத்தரசிகள் 23,178 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். எல்லாவற்றுக்கும் வன்முறை காரணம் என்று சொல்ல முடியாது. இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படியொரு எண்ணம் வந்திருந்தால் 14416 அல்லது 104-ஐ இப்போதே அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

சொந்த வருமானம், சொத்து இருந்தால் நிலைமை மாறுமா?

மாறும், ஆனால் இரண்டும் ஒரே அளவில் அல்ல. பொருளியல் அறிஞர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் உடல்ரீதியான வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். இரண்டும் உள்ளவர்களில் 7 சதவீதம். வீடு மட்டும் இருந்தால்கூட 10 சதவீதம்தான். சம்பளத்தைக் கணவன் பிடுங்கிக்கொள்ளலாம், வேலைக்குப் போவதையே சந்தேகத்துக்குக் காரணமாக்கலாம். அவள் பெயரில் இருக்கும் வீட்டிலிருந்து அவளை வெளியே தள்ளுவது அத்தனை சுலபம் இல்லை.

தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று 1989-லேயே சட்டம் திருத்தப்பட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. நடைமுறை வேறு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கா தங்கைகள் வரிசையில் நின்று அண்ணன் தம்பிக்குத் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுப்பதை எந்த முகூர்த்த நாளிலும் பார்க்கலாம். "அண்ணன்தான் நாளைக்கு நமக்குன்னு நிப்பான்" என்று கையெழுத்துப் போடுகிறாள். கதவு திறந்திருக்க வேண்டுமே என்று வீட்டையே எழுதிக்கொடுக்கிறாள். பிறகு அடிபட்டு வந்து நிற்கும்போது அது அண்ணியின் வீடாக இருக்கிறது. மகளுக்கு நகை போடுவதைவிட ஒரு சென்ட் இடத்தை அவள் பெயரில் எழுதுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்பேன்.

சின்ன உதவிகளையும் குறைவாக எண்ண வேண்டாம். சுய உதவிக் குழுவில் போட்ட சேமிப்பு, 2021 முதல் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், 2023 செப்டம்பர் முதல் வங்கிக் கணக்கில் வரும் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை இவையெல்லாம் வன்முறையை நிறுத்துவதற்காக வந்தவை அல்ல. ஆனால் கிளம்ப நினைக்கிறவளுக்குப் பேருந்துக் காசைக் கணவனிடமே கேட்க வேண்டியதில்லை என்பது லேசான விஷயம் இல்லை.

குடிதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

பெரிய காரணம். அதே தேசியக் கணக்கெடுப்பில், கணவன் அடிக்கடி குடித்துவிட்டு வரும் வீடுகளில் சுமார் 70 சதவீதப் பெண்கள் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். ஆனால் குடிக்காத கணவர்களிடமும் சுமார் 23 சதவீதப் பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள். எத்தனை போதையிலும் மேலதிகாரியையோ போலீஸ்காரரையோ அடிக்காதவன் வீட்டுக்கு வந்து மனைவியை மட்டும் அடிக்கிறான் என்றால், யாரை அடிக்கலாம் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

குடியை எதிர்ப்பது பெண்களுக்கு ஒரு வழியாகவும் ஆகியிருக்கிறது. "என் புருஷன் அடிக்கிறான்" என்று தெருவில் சொல்ல முடியாதவள், "சாராயக் கடையை மூடு" என்று சொல்லலாம். 1992-ல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சாராய வண்டியை ஊருக்குள் விடாமல் மறித்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993-ல் ஆந்திராவில் சாராயம் தடைசெய்யப்பட்டது. டாஸ்மாக் கடைகளின் முன்னால் நம் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்ததிலும் இதே கோபம்தான் இருந்தது.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் என்ன நடக்கும்?

அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தமிழ்நாட்டில் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கின. புகார் கொடுத்ததும் பெரும்பாலும் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். புகார் வந்ததைப் பதிந்துகொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். கணவனையும் இரு வீட்டாரையும் வரச்சொல்லிப் பேசுவார்கள். "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்புவார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலையத்துக்கு வரும் பெண்களில் பலர் கேட்பதும் இதைத்தான். "கேஸ் வேணாம் மேடம், கூப்பிட்டு ஒரு மிரட்டு மிரட்டி விடுங்க." அவனை ஜெயிலுக்கு அனுப்பினால் வீட்டு வாடகை யார் கட்டுவது என்ற கணக்கு அவளுக்கு உண்டு. தனக்குப் பின்னால் ஒரு சக்தி நிற்கிறது என்று காட்டவே அவள் காவல் நிலையத்தைப் பயன்படுத்துகிறாள். சில வீடுகளில் அது பலிக்கிறது. பலிக்காத வீடுகளில் "என்னையே ஸ்டேஷனுக்கு இழுத்தியா?" என்று அடி இரட்டிப்பாகிறது. எழுதி வாங்கிய காகிதத்தை மீறினால் தண்டனை கிடையாது என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. அதனால் சமாதானமாகப் போவதானாலும் சி.எஸ்.ஆர். ரசீதை விடாமல் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வந்ததற்கு அதுதான் சாட்சி. காயம் பலமாக இருந்தாலோ உயிர்ப் பயம் இருந்தாலோ பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் என்ன பயன்?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் முக்கியப் பலம், "அவனை ஜெயிலில் போடு" என்று தொடங்காமல் "எனக்குப் பாதுகாப்பு கொடு" என்று தொடங்குவது. வீட்டில் வசிக்கும் உரிமை, நெருங்கக் கூடாது என்ற உத்தரவு, மாதச் செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, சீர்வரிசைப் பொருளைத் திரும்பப் பெறுவது, இழப்பீடு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். கை நீட்டுவது மட்டுமின்றி கேவலமாக ஏசுவதும், செலவுக்குத் தராமல் வதைப்பதும், பாலியல் கொடுமையும் இதில் அடங்கும். மனைவி மட்டுமல்ல, தாயும் சகோதரியும், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்ணும் மனுப் போடலாம்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே என்று மிரட்டுவார்கள். சேர்ந்து வாழ்ந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் மருமகள் அங்கே வசிக்கும் உரிமை கோரலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம்.

மனு எழுத வக்கீல்தான் வேண்டும் என்பதில்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகினால் பாதுகாப்பு அலுவலர் நடந்ததை அறிக்கையாகப் பதிவுசெய்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். வக்கீல் தேவைப்பட்டால், பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். அதற்கான எண் 15100. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தா விழுகிறது. அதனால் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்க வேண்டும்.

கணவனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமைக்குத் தண்டனை தரும் 498ஏ பிரிவைப் பெண்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்களே?

77 சதவீதம் பேர் யாரிடமும் சொல்லாத நாட்டில் முதலில் கவலைப்பட வேண்டியது பொய்ப்புகாரைப் பற்றி அல்ல. புகார் வந்தவுடன் கைது என்ற நிலையையும் உச்ச நீதிமன்றம் 2014-லேயே மாற்றிவிட்டது. இப்போது அந்தப் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 85 என்ற எண்ணில் இருக்கிறது.

மருத்துவமனையில் என்ன சொல்வது?

நடந்ததைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்கும்போது பெரும்பாலும் கணவனோ மாமியாரோ பக்கத்திலேயே நிற்பார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதுவார். இரண்டு வருஷம் கழித்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்த ஏ.ஆர். நகலைத்தான். தீக்காயங்களில் "ஸ்டவ் வெடிச்சுது" என்று சொல்வதும் இதே கதைதான். முடிந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லுங்கள். அன்று சொல்ல முடியாமல் போனாலும் வழி அடைந்துவிடவில்லை. எந்த நிலையில் பொய் சொல்ல நேர்ந்தது என்பதை மனுவில் விளக்கலாம்.

சேர்ந்து நின்று எதிர்த்த பெண்கள் உண்டா?

உண்டு, நம் பக்கத்திலேயே. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் தொடங்கிய ஸ்டெப்ஸ் அமைப்புக்கு வந்த முஸ்லிம் பெண்கள் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடியும் தலாக்கும் தங்களுக்கு நேர்கிறது, தீர்ப்புச் சொல்லும் ஜமாத்தில் உட்கார்ந்து பேச மட்டும் தங்களுக்கு இடமில்லை. 2000-களின் தொடக்கத்தில் அவர்கள் பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தை அமைத்தார்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் கூடி உட்கார்ந்து வழக்குகளைக் கேட்டார்கள். மிரட்டலும் வசையும் வந்தன, நிறுத்தவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தானாலும் சாதிச் சங்கமானாலும் ஜமாத்தானாலும் குறை ஒன்றுதான். பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் இடத்தில் பெண் வாசலில் நிற்கிறாள்.

போனவள் ஏன் திரும்பி வருகிறாள்?

பிள்ளையின் பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, வாடகை அட்வான்ஸ், அவன் அழுது கேட்ட மன்னிப்பு, இன்னும் மிச்சமிருக்கும் பாசம். பல பெண்கள் பலமுறை போய்த் திரும்பிய பிறகே ஒரேயடியாக வெளியேறுகிறார்கள். நான்காம் முறை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது "போன தடவையே சொன்னேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். பிறகு அவள் வரவே மாட்டாள்.

கிளம்ப முடிவு செய்தால் முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, "போகப் போறேன்" என்று அவனிடம் சொல்லாதீர்கள். பிரிந்து போகும் நேரம்தான் உயிருக்கு மிக ஆபத்தான நேரம். ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாண போட்டோ, நகை ரசீது, சீர்ப் பட்டியல் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கையான இடத்துக்கு மாற்றுங்கள். எடுக்க முடியாவிட்டால் போட்டோ பிடித்து வேறு ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். 181 மகளிர் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் 112. மாவட்டத்தில் உள்ள சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கவும், சிகிச்சை, ஆலோசனை, சட்ட உதவி பெறவும் முடியும். வயதுவந்த மகன் கூடத் தங்க முடியுமா என்பது போன்ற விவரங்களை 181-லேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இலங்கையில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு?

அங்கும் 2005-ல்தான் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது, 34-ஆம் இலக்கச் சட்டம். நீதவான் முதலில் 14 நாள் வரை இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளையும் தரலாம். மகளிர் உதவி எண் 1938.

பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்கிறது. நான் தலையிடலாமா?

தலையிடலாம். "குடும்ப விஷயம்" என்று டி.வி. சத்தத்தைக் கூட்டாதீர்கள். கதவைத் தட்டி ஒரு டம்ளர் சர்க்கரையோ ஸ்பேனரோ கேளுங்கள். அந்த நிமிஷம் கை தாழும். அடிக்கிறவனிடம் நீதி கேட்க அப்போது முயல வேண்டாம், மறுநாள் அவன் இல்லாத நேரத்தில் அவளிடம் பேசுங்கள். "எங்க வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்திருக்கும், எந்த ராத்திரியும் வரலாம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி திறங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு போடாதீர்கள். அந்த வீட்டின் ஆபத்து எத்தனை என்று உங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். வன்முறை நடப்பதாகவோ நடக்கப்போவதாகவோ நம்பும் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்று 2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்கிறது.